மருத்துவச் சொற்களில் மறைந்திருக்கும் குறிலும் நெடிலும்



உயிரியல் பாடத்தில் அடிக்கடி வரும் நான்கு ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வோம்: ஆஸ்மோசிஸ், மைட்டோசிஸ், டயாலிசிஸ், ஹைட்ராலிசிஸ். முதலாவது சவ்வூடு பரவல். இரண்டாவது உயிரணுப் பிரிவு. மூன்றாவது, சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தின் உதவியால் தூய்மைப்படுத்தும் சிகிச்சை. நான்காவது, நீரின் துணையோடு ஒரு பெரிய மூலக்கூறு உடைவது.

நான்குமே கிரேக்க மொழியின் வேர்களிலிருந்து உருவானவை. நான்குமே 'சிஸ்' என்று முடிகின்றன. ஆனால், வாய்விட்டுச் சொல்லும்போது ஆங்கிலம் இவற்றை ஒரே மாதிரி நடத்துவதில்லை. முதல் இரண்டில் 'மோ', 'டோ' என்ற இடத்தில், அதாவது 'சிஸ்' என்பதற்கு நேர் முன்னால், குரல் அழுந்துகிறது. மற்ற இரண்டில் அதற்கும் ஓர் இடம் முன்னதாகவே அழுந்திவிடுகிறது.

ஏன் இந்த வேறுபாடு? ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதானா? தேவையில்லை. இதற்கான திறவுகோல் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதன் பெயர் குறில், நெடில்.

அசை என்றால் என்ன?

முதலில் அசையைத் தெரிந்துகொள்வோம். ஒரு சொல்லில் எத்தனை உயிரொலி கேட்கிறதோ, ஆங்கிலத்தில் அத்தனை அசை. உங்கள் கையை முகவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு 'ஆஸ்மோசிஸ்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். முகவாய் மூன்று முறை கீழே இறங்கும். ஆகவே, மூன்று அசை: ஆஸ்-மோ-சிஸ்.

யாப்பிலக்கணம் படித்த மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழில் இரண்டு குறில் இணைந்து ஒரு நிரையசை ஆகும். 'புளிமா' என்பது தமிழ்க் கணக்கில் இரண்டு அசை. ஆங்கிலக் கணக்கில் அது பு-ளி-மா என்று மூன்று அசை. இந்தக் கட்டுரை முழுவதும் நாம் ஆங்கிலக் கணக்கையே பின்பற்றுவோம்.

அடுத்தது அழுத்தம். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய மாத்திரை உண்டு. 'மருத்துவமனை' என்று சொல்லும்போது ஓர் எழுத்தை உயர்த்தி மற்றவற்றை விழுங்கிவிடுவதில்லை. மலாய் மொழியிலும் அழுத்தம் பெரிய வேலை செய்வதில்லை. ஆங்கிலம் அப்படியல்ல. ஒரு சொல்லில் ஓர் அசை மட்டும் உரத்தும் நீண்டும் சற்று உயர்ந்த குரலிலும் ஒலிக்கும். மற்ற அசைகள் சுருங்கும். சில வேளைகளில் அவற்றின் உயிரொலி தெளிவில்லாத ஓர் 'அ'வாகத் தேய்ந்துவிடும்.

ஆங்கில அகராதிகள், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் ஒரு சிறு கோடு இடும். நாமும் அப்படியே செய்வோம்: ஆஸ்-'மோ-சிஸ், மை-'டோ-சிஸ், டை-'ஆ-லி-சிஸ், ஹைட்-'ரா-லி-சிஸ்.

உயிர் காக்கும் ஓர் அசை

'சொல்லின் பொருள் தெரிந்தால் போதாதா? உச்சரிப்பு இவ்வளவு முக்கியமா?' என்று நீங்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

நீரிழிவு நோயாளிகளுக்கு வரக்கூடிய இரு நிலைகள் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது ஹைப்போகிளைசீமியா. அளவுக்கு மீறிக் கூடுவது ஹைப்பர்கிளைசீமியா. 'ஹைப்போ' என்றால் கீழே. 'ஹைப்பர்' என்றால் மேலே. 'கிளைக்' என்ற பகுதி இனிப்பையும், 'ஈமியா' என்ற பகுதி இரத்தத்தையும் குறிக்கும்.

இவற்றை அசை பிரித்துப் பார்ப்போம்: ஹை-போ-கிளை-'சீ-மி-அ, ஹை-பர்-கிளை-'சீ-மி-அ. இரண்டிலும் முதன்மை அழுத்தம் 'சீ'யில் விழுகிறது. பொருளைத் தலைகீழாக மாற்றும் 'போ', 'பர்' என்ற அசைகளோ அழுத்தம் இல்லாத இடத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் முறை ஆங்கிலத்தில் அந்த 'ர்' ஒலியும் கேட்காது. அவசரத்தில், இரைச்சலில், தொலைபேசியில் இந்த இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும்.

சிகிச்சையோ நேர் எதிரானது. சர்க்கரை குறைந்தவர் விழிப்போடு இருந்தால், அவருக்கு உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். சர்க்கரை கூடியவருக்கு இனிப்பைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஆகவே, இத்தகைய சொற்களைச் சொல்லும்போது முன்னொட்டை வேண்டுமென்றே தனியாக அழுத்திச் சொல்வதும், 'சர்க்கரை குறைந்துவிட்டது' என்று எளிய சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்வதும் நல்ல பழக்கம். நாளை உங்களில் ஒருவர் மருத்துவராகவோ தாதியாகவோ ஆகலாம். இன்றே வீட்டில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மருத்துவர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்பவராகவும் நீங்கள் இருக்கலாம். அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரிந்தவருக்குத்தான், எந்த அசை காதில் நழுவிப் போகும் என்பதும் தெரியும்.

ஒரு சொல், இரண்டு வெட்டு

மருத்துவச் சொற்களை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒன்று பொருளுக்காகப் பிரிப்பது. மற்றொன்று ஒலிக்காகப் பிரிப்பது. இந்த இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டியதில்லை.

தமிழிலேயே இதைப் பார்க்கலாம். 'தமிழாசிரியர்' என்ற சொல்லைப் பொருளுக்காகப் பிரித்தால் தமிழ் + ஆசிரியர். ஒலிக்காகப் பிரித்தால் த-மி-ழா-சி-ரி-யர். 'ழ்' என்ற மெய், பொருளில் முதல் சொல்லுக்குச் சொந்தம். ஒலியில் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்துகொள்கிறது.

கிரேக்கச் சொற்களிலும் இதுவே நடக்கிறது. இரத்தசோகையைக் குறிக்கும் 'அனீமியா' என்ற சொல்லில், 'அன்' என்றால் இல்லாமை. 'ஈமியா' என்றால் இரத்த நிலை. பொருள் வெட்டு: அன் + ஈமியா. ஒலி வெட்டு: அ-'னீ-மி-அ.

ஹெலிகாப்டரை எல்லாருக்கும் தெரியும். இதை 'ஹெலி' + 'காப்டர்' என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இது 'ஹெலிகோ' + 'ப்டெர்'. முதல் பகுதிக்குச் சுருள் என்று பொருள். இரண்டாம் பகுதிக்குச் சிறகு என்று பொருள். ஒலி வெட்டு பொருள் வெட்டை முற்றிலும் மறைத்துவிட்டது.

இன்னொரு சுவையான செய்தி. இதயவியலைக் குறிக்கும் 'கார்டியாலஜி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கார்டி' என்றால் இதயம். 'லஜி' என்றால் இயல். நடுவில் இருக்கும் 'ஓ' என்ற எழுத்துக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. அது இரண்டு பகுதிகளையும் இணைக்கும் ஒரு பாலம். தமிழில் இரண்டு உயிர் சந்திக்கும்போது 'ய்', 'வ்' என்ற உடம்படுமெய் வந்து இணைப்பதைப் படித்திருக்கிறீர்கள். கிரேக்கத்தில் இரண்டு மெய் சந்திக்கும் இடத்தில் ஓர் உயிர் வந்து இணைக்கிறது. அடுத்த பகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் இந்தப் பாலம் பெரும்பாலும் தேவைப்படாது. அதனால்தான் இரைப்பை அழற்சி 'காஸ்ட்ரைட்டிஸ்' ஆகிறது, 'காஸ்ட்ரோ-ஐட்டிஸ்' ஆவதில்லை.

இப்போது கார்டியாலஜியின் ஒலி வெட்டைப் பாருங்கள்: கார்-டி-'ஆ-ல-ஜி. பொருளே இல்லாத அந்தப் பாலத்தின் மீதுதான் முழு அழுத்தமும் விழுகிறது! நரம்பியலைக் குறிக்கும் 'நியூராலஜி', தோலியலைக் குறிக்கும் 'டெர்மட்டாலஜி' ஆகியவற்றிலும் இதே கதைதான். ஆகவே, பொருளைத் தேடும்போது வேரைப் பாருங்கள். அழுத்தத்தைத் தேடும்போது சொல்லின் கடைசியைப் பாருங்கள்.

வாய் திறக்காத 'பி'

நுரையீரல் அழற்சியைக் குறிக்கும் 'நியூமோனியா' என்ற சொல் ஆங்கிலத்தில் 'பி' எழுத்தில் தொடங்குகிறது. ஆனால் அந்த எழுத்து ஒலிப்பதில்லை. உளவியலைக் குறிக்கும் 'சைக்காலஜி'யிலும் அப்படியே. கிரேக்கர் அந்த 'ப்' ஒலியை உச்சரித்தார்கள். ஆங்கிலத்தில் 'ப்ன', 'ப்ஸ', 'ப்ட' என்ற கூட்டொலிகளில் ஓர் அசை தொடங்குவது வழக்கமில்லை. அதனால் முதல் ஒலி கைவிடப்பட்டது.

தமிழிலும் எந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரலாம், எவை வரக்கூடாது என்ற விதி உண்டல்லவா? 'ண', 'ள', 'ற' ஆகியவை சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆனால், சொல்லுக்கு நடுவில் தாராளமாக வரும். அந்த 'பி'யும் அப்படித்தான்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு 'ஸ்லீப் அப்னீயா' என்று பெயர். இங்கே 'அ' என்றால் இல்லாமை. 'ப்னீயா' என்றால் மூச்சு. நியூமோனியாவில் வாய் திறக்காத அதே 'பி', இங்கே தெளிவாக ஒலிக்கிறது. காரணம், அதற்கு முன்னால் ஓர் உயிரொலி வந்துவிட்டது. 'பி' முந்திய அசையின் இறுதியில் போய் அமர்ந்துகொண்டது: அப்-'நீ-அ. அசை எங்கே பிரிகிறது என்பதே ஓர் எழுத்து பேசுமா, பேசாதா என்று முடிவு செய்கிறது.

சொல்லின் இறுதியிலும் இதே காட்சிதான். சளியைக் குறிக்கும் 'ஃப்லெம்' என்ற சொல்லின் எழுத்தில் ஒரு 'ஜி' இருக்கிறது, ஒலியில் இல்லை. 'ஃப்லெக்-'மா-டிக்' என்று சொல் நீண்டால் அந்த 'ஜி' உயிர்பெற்றுவிடுகிறது. நீண்ட சொல்லில் அதற்கு இருக்க ஓர் அசை கிடைத்துவிட்டது.

ஒமிக்ரானும் ஒமேகாவும்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கோவிட் காலத்தில் 'ஒமிக்ரான்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மீன் எண்ணெய்ப் புட்டியில் 'ஒமேகா-3' என்ற பெயரையும் படித்திருப்பீர்கள். இரண்டும் கிரேக்க எழுத்துகளின் பெயர்கள். 'மிக்ரான்' என்றால் சிறியது. 'மேகா' என்றால் பெரியது. ஒமிக்ரான் சிறிய ஒ. ஒமேகா பெரிய ஓ. அதாவது நம்முடைய 'ஒ', 'ஓ' போலவே ஒன்று குறில், மற்றொன்று நெடில்! அதேபோல் 'எ' என்ற குறிலுக்கு எப்சிலான், 'ஏ' போன்ற நெடிலுக்கு ஈட்டா என்று தனித்தனி எழுத்துகள் இருந்தன. இந்த எழுத்து முறையை ஏதென்ஸ் நகரம் கி.மு. 403ஆம் ஆண்டு வாக்கில் அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது.

பிறகு ரோமானியர் வந்தார்கள். ரோமாபுரியில் மருத்துவம் பார்த்தவர்களில் பலர் கிரேக்கர்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே புகழ்பெற்று விளங்கிய மருத்துவர் காலன்கூட தம் நூல்களைக் கிரேக்கத்தில்தான் எழுதினார். இப்படிக் கிரேக்க மருத்துவச் சொற்கள் லத்தீன் மொழிக்குள் நுழைந்தன. லத்தீன் எழுத்திலோ ஒரே ஒரு 'ஓ', ஒரே ஒரு 'ஈ'. குறிலையும் நெடிலையும் எழுத்து வேறுபடுத்திக் காட்டவில்லை. ஆங்கிலம் அந்த எழுத்தைத்தான் வாங்கிக்கொண்டது.

பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாமல் எழுதியதால் 'எ', 'ஏ' வேறுபாடு தெரியாமல் போன சிக்கலை நினைத்துப் பாருங்கள். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்ததாகச் சொல்லப்படும் எழுத்துச் சீர்திருத்தம் அதைத் தீர்த்தது. ஆங்கில எழுத்துக்கு அப்படி ஒரு சீர்திருத்தம் நடக்கவில்லை. நெடிலும் குறிலும் சொல்லுக்குள் மறைந்தே இருக்கின்றன. ஆனால், அழுத்தம் அவற்றை மறக்கவில்லை.

ரோமானியரின் விதி இதுதான்:

1. சொல்லின் கடைசி அசைக்கு முந்திய அசையைப் பாருங்கள். தமிழ் இலக்கணம் இந்த இடத்தை 'ஈற்றயல்' என்று அழைக்கும்.

2. ஈற்றயல் அசை கனமானதா? அதாவது, அதில் நெடில் இருக்கிறதா, அல்லது குறிலுக்குப் பின் ஓர் ஒற்று வந்து அதை மூடுகிறதா? அப்படியானால் அழுத்தம் அங்கேயே.

3. ஈற்றயல் அசை வெறும் குறிலா? அப்படியானால் அழுத்தம் ஓர் அசை முன்னால் நகரும். கடைசியிலிருந்து மூன்றாவது அசைக்குப் போய்விடும்.

இப்போது சோதித்துப் பாருங்கள். 'ஓசிஸ்' என்ற விகுதியில் இருப்பது ஒமேகா, நெடில். ஆகவே ஆஸ்-'மோ-சிஸ், மை-'டோ-சிஸ். 'லிசிஸ்' என்ற விகுதியில் இருப்பது குறில். அது அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே டை-'ஆ-லி-சிஸ், ஹைட்-'ரா-லி-சிஸ். புதிர் அவிழ்ந்தது!

'ஹிப்போகாம்பஸ்' என்பது நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதி. அதன் ஈற்றயலை 'ம்' என்ற ஒற்று மூடுகிறது: ஹிப்-போ-'காம்-பஸ். உணவுக்குழாயைக் குறிக்கும் 'ஈசாஃபகஸ்' என்ற சொல்லின் ஈற்றயலோ வெறும் குறில்: ஈ-'சா-ஃப-கஸ்.

இந்த விதி கிரேக்கர்களுடையது அல்ல என்பதையும் கவனியுங்கள். நோயறிதலைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலத்தில் டை-அக்-'னோ-சிஸ் என்கிறோம். கிரேக்கர் இன்றும் அதே சொல்லைத் தி-'ஆக்-னோ-சி என்று, வேறோர் இடத்தில் அழுத்திச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் வேர் கிரேக்கம்; அழுத்தம் ரோமானியம்.

விகுதிகளை நினைவில் வையுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் கிரேக்க எழுத்தைத் தேட வேண்டாம். சில விகுதிகளைத் தெரிந்துகொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் கைவசமாகும்.

நெடில் விகுதிகள் (அழுத்தம் விகுதியின் நெடிலிலேயே விழும்):
• ஓசிஸ் – நிலை அல்லது நோய். த்ராம்-'போ-சிஸ் (இரத்தம் உறைதல்).
• ஐட்டிஸ் – அழற்சி. ஹெ-ப-'டை-டிஸ் (கல்லீரல் அழற்சி).
• ஓமா – பெரும்பாலும் கட்டி. ஆனால் கிளா-'கோ-மா கண் நோய்.
• ஈமா – இ-'டீ-மா (நீர்க்கோவை வீக்கம்).

தமிழில் 'ஐ' நெடில் வரிசையில் இருக்கிறது அல்லவா? 'ஐட்டிஸ்' விகுதியிலும் கிரேக்கத்தின் நெடில் 'ஈ'தான் ஆங்கிலத்தில் 'ஐ' ஆகியிருக்கிறது.

குறில் விகுதிகள் (ஈற்றயல் குறில், அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில்):
• லிசிஸ் – பிரிதல், தளர்தல். ப-'ரா-லி-சிஸ் (பக்கவாதம்).
• தெசிஸ் – வைத்தல். ஃபோ-டோ-'சின்-த-சிஸ் (ஒளிச்சேர்க்கை).
• ஜெனிசிஸ் – தோற்றம். க-மீ-டோ-'ஜெ-நி-சிஸ் (பாலணு உருவாக்கம்).
• மீட்டர் (அளவுக் கருவி) – தெர்-'மா-மி-டர். இரத்த அழுத்தமானிக்கு உள்ள நீண்ட பெயரையும் இனி அஞ்ச வேண்டாம்: ஸ்ஃபிக்-மோ-ம-'நா-மி-டர்.
• இயா – நியூ-'மோ-னி-அ, லூ-'கீ-மி-அ (இரத்தப் புற்றுநோய்), ஹீ-ம-'ஃபி-லி-அ (இரத்தம் உறையாமை).

கடைசியில் 'ஒய்' எழுத்து வரும் சொற்கள் – லஜி, கிரஃபி, ஸ்கபி, டமி, பதி போன்றவை – எல்லாம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் பெறும். 'இக்' என்று முடியும் பெயரடைகளில், அந்த 'இக்' அசைக்கு நேர் முன்னால் அழுத்தம் விழும்: டை-அ-'பெ-டிக், அஸ்த்-'மா-டிக் அல்லது அஸ்-'மா-டிக்.

'ஸ்கோப்', 'கிராம்', 'கிராஃப்' ஆகியவை அழுத்தத்தைத் தம்மிடம் இழுப்பதில்லை. பெரும்பாலும் முன்னுள்ள வேரின் முதல் அசைக்கே அதை விட்டுக்கொடுக்கும்: 'மைக்-ர-ஸ்கோப், 'கார்-டி-அ-கிராம்.

ஒரே குடும்பத்தில் அழுத்தம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள்: 'ஃபோ-ட-கிராஃப், ஃப-'டாக்-ர-ஃபி, ஃபோ-ட-'கிரா-ஃபிக். முதல் அசை, இரண்டாவது அசை, மூன்றாவது அசை! அழுத்தம் நகர நகர, அது விட்டுச் சென்ற அசையின் உயிரொலி தேய்கிறது. முதல் சொல்லின் 'ஃபோ', இரண்டாவதில் வெறும் 'ஃப' ஆகிவிட்டது. எழுத்து மாறாமல் ஒலி மாறுவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சொற்களில் பல, பண்டைக் கிரேக்கர் கேட்டே இராதவை. பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816இல் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். கிரேக்கத்தில் மார்பைக் குறிக்கும் சொல்லையும் பார்ப்பதைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து, அதற்கு 'ஸ்டெதஸ்கோப்' என்று பெயரிட்டார். காதால் கேட்கும் கருவிக்கு 'மார்பைப் பார்ப்பது' என்று பெயர்! 'லூக்கீமியா' என்ற பெயரை உருவாக்கியவர், 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ஃபிர்ஷோ. சொற்கள் புதியவை. ஆயினும், அவை பழைய அழுத்த விதிக்குக் கட்டுப்படுகின்றன.

விதிக்கு அடங்காதவை

மொழியில் விலக்குகள் இல்லாமல் இருக்குமா? உருமாற்றத்தைக் குறிக்கும் 'மெட்டமார்ஃபசிஸ்' ஒரு விலக்கு. அதில் இருப்பது ஒமேகாதான். ஆனாலும் பெரும்பாலோர் மெ-ட-'மார்-ஃப-சிஸ் என்றே சொல்கிறார்கள். 'ஸ்டசிஸ்' விகுதியில் இருப்பது குறில். புற்றுநோய் பரவுவதைக் குறிக்கும் ம-'டாஸ்-ட-சிஸ் அந்த விதிப்படி நடக்கிறது. ஆனால், நீங்கள் படிக்கும் உடல் சமநிலைப் பாடத்தில் வரும் சொல்லைப் பலர் ஹோ-மி-அ-'ஸ்டே-சிஸ் என்று ஈற்றயலிலேயே அழுத்துகிறார்கள். இத்தகைய சொற்களுக்கு அகராதியே வழிகாட்டி.

அறிவியலாளர்களே ஒரு சொல்லின் உச்சரிப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரையில் எழுதிய நிகழ்ச்சியும் உண்டு. தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் கைவிரல்களுக்கு நடுவே முதலில் ஒரு சவ்வு இருக்கும். பிறகு, அங்குள்ள உயிரணுக்கள் ஒழுங்கான முறையில் தாமே மடிந்து விரல்களைப் பிரித்துவிடும். உயிரணுக்களின் இந்தத் திட்டமிட்ட மரணத்திற்கு 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பெயர் தந்தார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இருந்த கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவர் அந்தப் பெயரைப் பரிந்துரைத்தார். மரத்திலிருந்து இலை உதிர்வதையும் பூவிலிருந்து இதழ் உதிர்வதையும் குறிக்கும் 'அப்பாப்டோசிஸ்' என்ற சொல் அது.

'அப்போ' என்றால் விலகி. 'ப்டோசிஸ்' என்றால் விழுதல். இந்தப் பொருள் வெட்டு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். ஆகவே, அழுத்தம் ஈற்றயலில் விழ வேண்டும். 'ப்டோசிஸ்' பகுதியின் 'பி' ஒலிக்கக் கூடாது என்று கட்டுரையிலேயே ஒரு குறிப்பு எழுதினார்கள். அதாவது அ-ப-'டோ-சிஸ். ஆனால் உலகம் அவர்கள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டது. இன்று அ-ப-'டோ-சிஸ், அ-பப்-'டோ-சிஸ் என்ற இரண்டு உச்சரிப்பும் வழக்கில் உள்ளன. அப்னீயாவில் பார்த்ததுபோல், முன்னால் ஓர் உயிரொலி இருப்பதால் 'பி' பேச ஆசைப்படுகிறது! அழுத்தத்தில் மட்டும் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அங்கே ஒமேகா இருக்கிறது.

இனி நீங்களே செய்யுங்கள்

ஒரு புதிய மருத்துவச் சொல் வந்தால் இந்த நான்கு படிகளைப் பின்பற்றுங்கள்.

முதல் படி: பொருள் வெட்டு. வேர் எது, விகுதி எது என்று பிரியுங்கள்.
இரண்டாம் படி: ஒலி வெட்டு. முகவாய்க்குக் கீழே கை வைத்து அசைகளை எண்ணுங்கள்.
மூன்றாம் படி: விகுதியைப் பார்த்து, கடைசியிலிருந்து எண்ணி அழுத்தத்தைக் குறியுங்கள்.
நான்காம் படி: அகராதியில் சரிபாருங்கள். விலக்காக இருந்தால், குறிப்பேட்டில் தனியாக எழுதி வையுங்கள்.

பயிற்சிக்கு ஆறு சொற்கள். அழுத்தம் எந்த அசையில் விழும்?

1. ஆர்த்ரைட்டிஸ் (மூட்டு அழற்சி)
2. டெர்மட்டாலஜி (தோலியல்)
3. ஹீமாலிசிஸ் (சிவப்பணுச் சிதைவு)
4. ஹைப்போதெர்மியா (உடல் வெப்பம் அளவுக்கு மீறிக் குறைதல்)
5. மைக்ராஸ்கபி (நுண்ணோக்கியால் ஆராய்தல்)
6. எலிஃபன்டயாசிஸ் (யானைக்கால் நோய், ஈற்றயலில் இருப்பது குறில்)

விடைகள்: 1. ஆர்-'த்ரை-டிஸ். 2. டெர்-ம-'டா-ல-ஜி. 3. ஹீ-'மா-லி-சிஸ். 4. ஹை-போ-'தெர்-மி-அ. 5. மைக்-'ராஸ்-க-பி. 6. எ-லி-ஃபன்-'டை-அ-சிஸ்.

நான்காவது சொல்லை மட்டும் இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். அதன் எதிர்ச்சொல் ஹைப்பர்தெர்மியா. உடல் வெப்பம் அளவுக்கு மீறிக் கூடுவது. பொருளைத் தாங்கும் அசை, அழுத்தம் இல்லாமல் எங்கே நிற்கிறது என்பதை இப்போது உங்கள் காது கண்டுபிடித்துவிடும்.